ஏணியின் கால்

அலுமினிய ஏணி செய்யும் அந்தப் பட்டறையில், ஏணி தேறிவிட்டது என்பதற்கு ஒரே சொல்தான்: 'நிக்குது.' அப்பா காலத்துச் சொல். முதலாளி ஏணியைச் சுவரில் சாய்த்து, ஓர் உலுக்கு உலுக்கி, அதைச் சொன்னால் போதும். குடும்பப் பெயர் பொறித்த தகடு ஏறிவிடும். அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழ அவர் விட்டதில்லை.

அன்று மாலைக்குள் இருநூறு ஏணிகள் பெயின்ட் கான்ட்ராக்டருக்குப் போயாக வேண்டும். அடியில் வழுக்காமலிருக்க மாட்டும் ரப்பர் கால் கிடைக்காததால் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் கால் மாட்டியிருந்தது. முதலாளி உலுக்கிப் பார்த்தார்.

"நிக்குது. தகட்டை அடி."

பட்டறையைக் கூடவே கவனித்துக்கொள்ளும் தங்கை சுத்தியலைத் தொடவில்லை.

"ஏணி நிக்குதுண்ணா. ஆளு நிப்பானா?"

"இதென்ன புதுசா பேசறே?"

"நீயே ஏறிப் பாரேன். உன் தொப்பையைத் தாங்கிட்டா ஊரையே தாங்கும்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக ஏணி விற்றவர், ஒன்றிலும் ஏறியதில்லை. அலுவலக அறையின் டைல்ஸ் தரையில் ஏணியைப் போட்டு ஏறினார். ஏழாம் படியில் நின்று, பெயின்டர் பிரஷை நீட்டுவதுபோலக் கையை நீட்டினார். ஏணி நாலு விரற்கடை வழுக்கியது. அலமாரி விளிம்பைப் பிடித்துத் தப்பினார்.

குனிந்து பார்த்தார். தங்கையின் உச்சந்தலை தெரிந்தது. ஏணியின் கால் தெரியவில்லை. மேலே நிற்பவன் எதையும் சோதித்துக்கொண்டு நிற்பதில்லை, தகட்டிலிருக்கும் பெயரை நம்பி நிற்கிறான். அவரோ இத்தனை நாளும் ஏணியைத் தரையிலிருந்தே பார்த்து வந்திருக்கிறார்.

இறங்கினார். மழுப்பத் தெரியாத வம்சம். நேராகக் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார்.

"கால் சரியில்லைங்க. தப்பு என்னோடதுதான். ரப்பர் வர பத்து நாளாகும்."

"அப்ப நான் வேற இடத்துல பாத்துக்கறேன்." லைன் துண்டானது.

"போனாப் போகுதுண்ணா," என்றாள் தங்கை.

"அது போகட்டும். போன மாசம் கடைகளுக்குப் பன்னெண்டு ஏணி இதே காலோட போச்சே?"

"யாரும் குறை சொல்லலையே."

"விழுந்தப்புறம்தான் சொல்லணுமா?"

பட்டறையின் சொந்த ஏணிகளிலிருந்து ரப்பர் கால்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஆளை அனுப்பவில்லை, தானே கிளம்பினார்.

முதல் கடையில், கடைக்கார அம்மா ஏணி மேல் நின்று நோட்டுப் புத்தகக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன முதலாளி, நீங்களே வந்துட்டீங்க?"

பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா இறங்குங்கம்மா. சொல்றேன்."