வாசல் வரை நகர்ந்த நாற்காலி

முதலில் அறையைச் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

பள்ளிக்கூடத்தின் கடைசி அறை அது. அதுவரை உடைந்த பெஞ்சுகளும் கிழிந்த வரைபடங்களும் கிடந்த இடம். சிறப்புக் குழந்தைகளுக்கென்று வகுப்பு தொடங்கப் போகிறோம், நீங்கள்தான் ஆசிரியை என்று சாவியைக் கொடுத்தபோது, ஒட்டடை அடித்தால் போதும் அல்லவா என்று தலைமை ஆசிரியை கேட்டார். போதாது என்று சொல்லி நான்கு நாள் கேட்டு வாங்கினேன்.

உதவிக்கு வந்த அக்காவும் நானும் தரையில் நீல டேப் ஒட்டி அறையை நான்காகப் பிரித்தோம். ஜன்னலோரம் தனித்தனி மேசைகள். நடுவில் எல்லோரும் சேர்ந்து உட்காரப் பாய். மூலையில் மெத்தையும் திரையும் போட்டு, மனசு சரியில்லாதபோது போய் உட்கார ஓர் இடம். கதவருகே பைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் அலமாரி. பொம்மை அலமாரிக்கு வெள்ளைத் துணி போட்டு மூடினோம். கண்ணில் பட்டால் கை அங்கேதான் போகும். ஆறு குழந்தைகள், ஆறு நிறங்கள். நாற்காலி, பாட்டில், பை மாட்டும் கொக்கி எல்லாம் அவரவர் நிறத்தில்.

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "இது வகுப்பா டீச்சர், கோடு போட்ட நோட்டா?"

ஒவ்வொரு மேசையருகிலும் சுவரில் ஒரு நீள அட்டை. அதில் மேலிருந்து கீழாக அன்றைய வேலைகளின் படங்கள், பிய்த்து எடுக்கும்படி ஒட்டியிருக்கும். ஒரு வேலை ஆனதும் அந்தப் படத்தை எடுத்து 'முடிந்தது' பெட்டியில் போட வேண்டும். கடைசிப் படம் எப்போதும் கூட்டிப் போக வருபவரின் போட்டோ. இந்தப் பிள்ளைகளின் அழுகையில் பாதி, அடுத்தது என்ன என்று தெரியாததால் வருவது. அதைச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதி அழுகை குறையும் என்பது என் கணக்கு.

கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் வந்தது. மஞ்சள் நிறம் வாய்த்தவளிடம்தான் உதைத்தது.

அவளுக்கு ஆறு வயது. பேச்சு ஒரு சொல், இரண்டு சொல். காலையில் வந்ததும் நேராக உட்கார மாட்டாள். மின்விசிறி, கடிகாரம், ஆறு நாற்காலி, பெட்டியின் மூடி என்று வரிசையாகப் பார்த்து வருவாள். ஒரு பாட்டில் திரும்பியிருந்தால் திருப்பி வைப்பாள். அக்கா அவளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். இரண்டாம் நாளே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மேனேஜரின் அம்மா ஒரு தையல் கூடத்தில் சீருடை தைத்தவர். இதற்கு முன் இரண்டு பள்ளிகள் மகளைச் சேர்த்து, ஒரு மணி நேரம் ஆவதற்குள் வந்து கூட்டிப் போங்கள் என்று கூப்பிட்டதில் வேலையை விட்டவர். இரண்டு வருடம் ஆகிறது. கூடத்து சூப்பர்வைசர் நல்ல மனிதர். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வரை இவருக்கென்று ஒரு தையல் மெஷினை வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

"அதுக்கப்புறம் வேற ஆளப் போட்டுருவாங்க டீச்சர். அவரையும் குத்தம் சொல்ல முடியாது" என்றார் அந்த அம்மா.

கையில் ஐந்து வாரம் இருந்தது. முதல் நாள் அம்மாவின் நாற்காலியை மகளின் மேசைக்கு அருகிலேயே போட்டேன். தினமும் இரண்டு ஓடு தள்ளிப் போடுவது என்று திட்டம். தரையில் பதித்த சதுர ஓடுதான் என் அளவுகோல். அம்மா உட்கார்ந்து துணி மடித்துத் தைத்துக்கொண்டிருப்பார். மகள் அவ்வப்போது திரும்பிப் பார்ப்பாள். ஒரு வாரத்தில் நாற்காலி கதவைத் தாண்டியது. அதன்பின் தாழ்வாரத்தில் எட்டெட்டு ஓடாக நகர்த்தினேன்.

"பள்ளிக்கூடத்த விட்டே தள்ளிருவீங்க போல" என்று அவர் சிரித்தார். மூன்றாம் வாரத் தொடக்கத்தில் நாற்காலி வெளி வாசலில், காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும்.

மறுநாள், மேனேஜர் தினமும் ஆடும் ஊஞ்சலின் கொக்கி தேய்ந்திருக்கிறதென்று காவலாளி அதைச் சுருட்டிக் கட்டிவிட்டார்.

இப்படி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே வகுப்பு தொடங்கும் முன்பே ஓர் ஆரஞ்சு அட்டை செய்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். வளைந்த அம்புக்குறி போட்டது. மாற்றம் என்று அர்த்தம். மேனேஜரின் வரிசையில் ஊஞ்சல் படத்தை எடுத்தேன், ஆரஞ்சு அட்டையை ஒட்டினேன், அதனருகே களிமண் படத்தை வைத்தேன். பயிற்சியில் படித்த முறைப்படிதான் செய்தேன்.

அவள் மேசைக்கு அடியில் போய் அதன் காலில் தலையை மோத ஆரம்பித்தாள். அக்கா தரையோடு தரையாகப் படுத்துத் தன் உள்ளங்கையை இடையில் கொடுத்தார். வாசலிலிருந்து அம்மா, தைத்த துணி தோளில் தொங்க ஓடிவந்தார். அடங்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அக்காவின் கை சிவந்திருந்தது. நாற்காலி மறுபடி மேசையருகே வந்துவிட்டது.

நான் விடவில்லை. பாட்டு மாஸ்டர் வராத அன்று ஆரஞ்சு அட்டை. பல் டாக்டர் வந்து விளையாட்டு நேரம் போன அன்று ஆரஞ்சு அட்டை. ஓவிய நேரம் இல்லாமல் போன அன்றும் அதுதான். பழகப் பழகச் சரியாகும் என்று நினைத்தேன்.

ஐந்தாவது நாள் மேனேஜர் காலைச் சோதனையின்போது என் இழுப்பறையைத் திறந்தாள். ஆரஞ்சு அட்டையை எடுத்து 'முடிந்தது' பெட்டியில் போட்டு, மூடியை இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள். வேறொன்று செய்து வைத்தேன். மறுநாள் அதுவும் முடிந்தது.

ஒன்றாம் தேதிக்குப் பத்து பள்ளி நாள்தான் இருந்தது. அந்த அம்மா துணியை முன்பைவிட வேகமாகத் தைத்தார்.

இவளுக்கு அட்டையை இன்னும் தெளிவாக விளக்க வேண்டும் என்று மாலையில் அக்காவிடம் சொன்னேன். அவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க டீச்சர். அவளுக்குத் தெளிவாத்தான் புரிஞ்சிருக்கு. நீங்க அத எடுத்தாலே ஏதோ ஒண்ணு போச்சுன்னு அர்த்தம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா? எனக்கே அதப் பாத்தா இன்னிக்கு என்ன போச்சோன்னு தோணுது."

எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆரஞ்சு அட்டையை வைத்தது நான்கு முறை. நான்கு முறையும் அவளுக்குப் பிடித்ததைப் பறித்திருக்கிறேன். கொடுத்தது ஒரு முறைகூட இல்லை. பாட்டிலுக்கும் பைக்கும் இடம் ஒதுக்கிய நான், மாற்றத்தை மட்டும் இழுப்பறைக்குள் ஒளித்து வைத்துக் கெட்ட நாளில் வெளியே எடுத்திருக்கிறேன்.

மறுநாள் அவளுக்குப் பிடிக்காத எழுத்துத் தாளை எடுத்துவிட்டு ஆரஞ்சு அட்டையை வைத்தேன். பக்கத்தில் சோப்புக் குமிழிப் படம். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். குமிழி மூக்கில் வந்து உடைந்ததும் கையை எடுத்தாள். அடுத்த நாள் எண் தாளுக்குப் பதில் தண்ணீர் விளையாட்டு. நான்காம் நாள் காலை அவளே வரிசையில் விரலை ஓட்டி ஆரஞ்சு எங்கே என்று தேடினாள். அன்று முதல் அட்டை பெட்டிக்குப் போவது நின்றது.

மாற்றத்துக்கும் தினம் ஒரு நேரம் ஒதுக்கியவர் உலகத்திலேயே நீங்கள்தான் என்று தலைமை ஆசிரியை கேலி செய்தார். செய்யட்டும். ஏழாம் நாள் பிடித்ததும் இல்லாத, பிடிக்காததும் இல்லாத ஒரு மாற்றம் வைத்தேன்: பச்சைப் பாய்க்குப் பதில் நீலப் பாய். முணுமுணுத்தாள், உட்கார்ந்தாள். நாற்காலி இந்த முறை தாழ்வாரத்தை மூன்றே நாளில் கடந்து வாசலுக்குப் போனது.

"ஒண்ணாம் தேதி வரேன்னு சொல்லிடட்டுமா?" என்று அம்மா கேட்டார்.

"சொல்லிடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் நோட்டைத் திறந்து மீதி நாட்களை எண்ணினேன்.

ஒன்றாம் தேதியன்று இரண்டு மாற்றம். வாசலில் நாற்காலி இருக்காது. மாலையில் கூட்டிப் போக அம்மா வரமாட்டார், மாமா வருவார். முந்தின வாரமே மாமாவை மூன்று நாள் வரச்சொல்லி, அம்மாவின் பக்கத்தில் நிற்கவைத்துப் பழக்கியிருந்தேன். போட்டோவும் எடுத்திருந்தேன்.

ஒன்றாம் தேதி காலை அம்மா கதவில் விட்டுவிட்டு, "மாமா வருவாரு" என்று ஒரே வரி சொல்லிவிட்டுப் போனார். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பார்க்கவில்லை.

மேனேஜர் சோதனையைத் தொடங்கினாள். விசிறி, கடிகாரம், நாற்காலிகள், மூடி. பிறகு ஜன்னல். அங்கே வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து தன் வரிசையைப் பார்த்தாள். கடைசியில் ஆரஞ்சு அட்டை, பக்கத்தில் மாமா. உதடு நடுங்கி அழ ஆரம்பித்தாள். கத்தவில்லை. அழுதுகொண்டே ஆரஞ்சு அட்டையைப் பிய்த்தாள்.

பெட்டிக்குத்தான் போகிறது என்று நினைத்தேன். அவள் கதவைத் தாண்டிப் போனாள். அக்கா எழுந்தார், நான் கையமர்த்திவிட்டு நான்கு ஓடு இடைவெளி விட்டுப் பின்னால் போனேன். வாசலில் நாற்காலிக் கால்கள் பதிந்த தடம் மண்ணில் இருந்தது. அதன் நடுவில் அட்டையை வைத்தாள். நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். திரும்பி வந்து மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதல் படத்தைத் தொட்டாள்.

"மணி" என்றாள். மணி கோர்க்கும் தட்டைக் கொடுத்தேன்.

பத்தரைக்கு அம்மா போன் செய்தார். பின்னால் தையல் மெஷின்கள் ஓடுவது கேட்டது.

"அழுதா. ஆறு நிமிஷம். இப்ப மணி கோக்கறா."

"நாற்காலியத் தேடினாளா?"

"தேடினா."

"சரி டீச்சர். சூப்பர்வைசர் பாக்கறாரு. வெச்சுடறேன்."

மாமா நான்கு நிமிடம் தாமதமாக வந்தார். அவள் அவருக்குக் கடிகாரத்தைக் காட்டினாள். பிறகு அவரை நிற்க வைத்துவிட்டு வாசலுக்குப் போய் அட்டையை எடுத்தாள். காவலாளி அது பறக்காமல் ஒரு கல்லை வைத்திருந்தார்; கல்லை அவர் கையில் கொடுத்தாள். அட்டையை அறைக்குக் கொண்டுவந்து, மண்ணைத் தன் பாவாடையில் துடைத்து, என் இழுப்பறையில் வைத்து மூடினாள்.

"மேனேஜர் ஆபீஸப் பூட்டிட்டாங்க. நாமளும் கிளம்பலாம் டீச்சர்" என்றார் அக்கா.