முட்டைக் கடிகாரம்

லுப்னாவின் அம்மா குண்டு. இது யாரும் சொல்லித் தெரிந்ததல்ல, லுப்னா தன் கண்ணால் பார்த்தது.

அம்மா ஷமீமா நெஞ்சு நோயில் இறந்தபோது லுப்னா நடைகூடப் பழகியிருக்கவில்லை. கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. வோட்டர் அட்டையில் இருப்பது மை ஊறிப்போன ஒரு வட்டம், அதை முகம் என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டும். மிஞ்சியது கல்யாண வீடியோ ஒன்றுதான். பெண்கள் பக்கம் கேமரா வரக்கூடாது என்று பெரியவர்கள் அன்றைக்குக் கறாராக இருந்ததால், அதிலும் ஷமீமா வருவது கடைசியில் கொஞ்சமே கொஞ்ச நேரம். அரக்குப் புடவை, தலையில் முக்காடு, பின்னால் சுவரில் முட்டை வடிவத்தில் ஒரு கடிகாரம். யாரோ கூப்பிட நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்பு. அத்தோடு சரி.

அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் லுப்னா வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் "பூசணி" என்று கூப்பிட்டால் வீட்டுக்கு வந்து அந்த வீடியோவின் சிடியைப் போடுவாள். அகன்ற தோள், உருண்டை முகம், முழங்கை வரை இறுகிப் பிடித்த ரவிக்கை. நான் அம்மா ஜாடை, உங்களுக்கு என்ன போச்சு என்று மனதுக்குள் வகுப்பு முழுவதையும் ஒரு கை பார்ப்பாள். போன வருஷம் அனந்தபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள், "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்குது, டயட்டு கியட்டு இருந்தா பாருங்க" என்று நீட்டி முழக்கினாள். டீத்தட்டோடு நின்ற லுப்னா, "எங்கம்மா மாதிரிங்க, மாத்திக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சம்பந்தம் போனது போனதுதான். அத்தாவின் அக்கா மெஹராஜ் பேகம், பிள்ளைகளுக்குக் குப்பி, தலையில் அடித்துக்கொண்டாள். லுப்னா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

அத்தா பக்ருதீன்தான் நரம்பு மாதிரி இருப்பார். வீடியோவில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருப்பவருக்குக் கன்னமெல்லாம் உப்பி இருக்கும். அம்மா போன கவலையில் மனிதர் உருகிவிட்டார் என்று லுப்னா சின்ன வயதிலேயே முடிவு கட்டியிருந்தாள். அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்படியும் ஒரு பிரியம் உண்டா என்று நினைத்து நினைத்துத் தனியாகப் பூரித்துப்போவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணன் அஸ்ஃபாக் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்து இறங்கினான். அங்கே ஒரு ஓட்டலில் மீட்டிங் ஹால் திரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊரில் எல்லோரும் சென்டும் பிஸ்தாவும் கொண்டுவந்தால், இவன் ஒரு புரொஜக்டரும் கோணிப்பை நிறைய வயரும் கொண்டுவந்தான்.

"சிடி நகலு. அதுல ஒண்ணும் தெரியாது. ஒரிஜினல் கேசட்ட போட்டு அம்மாவ சொவுரு நெறய காட்டறேன் பாரு" என்றான்.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் காலையிலிருந்தே ஹாரனால் ஊரைத் தூக்கிக்கொண்டிருந்தன. பஜாரில் நல்ல வியாபாரம் ஆகிற நாள், இருந்தும் அத்தா பாத்திரக்கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு மத்தியானமே வந்துவிட்டார். ஜன்னல்களில் போர்வை கட்டியாகிவிட்டது. வெள்ளையடித்த சுவருக்கு எதிரே குப்பி பாய் விரித்து முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டாள்.

அஸ்ஃபாக் ஒவ்வொன்றாகச் சொருகினான். கேபிள் பெட்டியின் படம் சுவரில் வந்தது, போனில் இருந்த படம் வந்தது. விசிஆர் மட்டும் முரண்டு பிடித்தது. திண்டிவனத்தில் சிநேகிதன் ஒருவனிடம் வாங்கி வந்த பழைய விசிஆர், மஞ்சள் சிவப்பு வெள்ளை என்று மூன்று வயர்.

"மத்ததெல்லாம் இந்தக் காலத்து சாமான், ஒரே வயரு. இது அந்தக் காலத்துது, இதுக்கு நடுவுல ஒரு பொட்டி வெக்கணும். டேப்புல இருக்கிற படம் ரொம்பச் சின்னது. இல்லாத கோடு எல்லாத்தயும் இந்தப் பொட்டியே போட்டு நெரப்பிப் பெருசாக்கும்" என்றான் அஸ்ஃபாக்.

"இல்லாதத அது எப்படிண்ணா போடும்?" என்றாள் லுப்னா.

"பக்கத்துல இருக்கிறதப் பாத்து, இப்படித்தான் இருந்திருக்கும்னு அதுவே ஒரு கணக்கு போட்டுக்கும்."

டேப் உள்ளே போனது. சுவர் நடுங்கியது, கோடுகள் புழுவாக நெளிந்தன, பிறகு கல்யாணக் கூடம் வந்தது. தாராளமான உடம்போடு ஆண்கள் பிரியாணி சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லோருமே நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று லுப்னா எப்போதும் நினைப்பதுண்டு. கடைசியில் முட்டைக் கடிகாரம் வந்தது, அம்மா வந்தாள். சுவர் கொள்ளாத அம்மா. லுப்னா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். அவள் தோளும் அம்மா தோளும் ஒரே அகலம்.

"அண்ணா, ஒரு போட்டோ எடு!"

"இரு இரு. ரேஷியோ தப்பா இருக்குது" என்றான் அஸ்ஃபாக். "இந்தப் பொட்டி படத்த ரெண்டு பக்கமும் இழுத்து வெச்சிருக்குது. கடிகாரத்தப் பாரு, எந்த ஊர்ல முட்டையாட்டம் கடிகாரம் மாட்டுவாங்க? நம்ம வூட்டு டிவிலயும் இதே கூத்துதான். இத்தினி வருசமா எல்லாரையும் நசுக்கிப் பாத்துகினு இருக்கீங்க."

ஒரு பொத்தானை அழுத்தினான். சுவரின் இரண்டு ஓரமும் கறுத்தது. படம் நடுவில் ஒடுங்கியது. கடிகாரம் வட்டமானது.

கடிகாரம் வட்டமானதுமே லுப்னாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கல்யாணக் கூடத்தில் முட்டைக் கடிகாரம் மாட்டியிருந்த விசித்திரத்தை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதற்குக் கீழே, புடவைக்குள் தொலைந்துபோனவள் மாதிரி, எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. இறுகிப் பிடித்த ரவிக்கை இப்போது தொளதொளவென்று கிடந்தது. நீள முகம். நிமிர்ந்து சிரித்தபோது கன்னம் உள்ளே போனது.

"யா அல்லா! ஷமீமா!" என்று குப்பி மார்பில் கை வைத்தாள். "இவதான்டா பக்ரு ஷமீமா! காத்தடிச்சா சாஞ்சிடுவாளே, பாவி!"

பாயிலிருந்து பாதி எழுந்த அத்தா அப்படியே மண்டியிட்டிருந்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

லுப்னா சுவரை விட்டு விலகினாள். டீ போடுகிறேன் என்று சொல்லிச் சமையலறைக்குள் போய், பால் பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

பின்னாலேயே அத்தா வந்தார்.

"டிவி வாங்கின புதுசுல ஓரமெல்லாம் கறுப்பா நின்னுச்சும்மா" என்றார். "காசு குடுத்து வாங்கின டிவிய சும்மா வுடறதான்னு முழுசா இழுத்துவுட்டேன். அப்புறம் கடைக்கு வந்த ஆளு ஒருத்தன் சொன்னான், படம் அப்படிப் பாக்கக் கூடாதுன்னு. சரி பண்ணலாம்னு ரிமோட்ட எடுத்தேன். நீ ஸ்கூல்லருந்து அழுதுகினே வந்த. யாரோ பூசணின்னு சொல்லிட்டாங்கன்னு. சிடியப் போட்டுப் பாத்துட்டு, அத்தா, அம்மாவும் என்னாட்டமே இருக்காங்கன்னு சிரிச்ச."

"கீழ வெச்சிட்டீங்களா ரிமோட்ட?"

"வெச்சிட்டேன்."

"குப்பிக்கும் தெரியும்."

"நான்தான் வாயத் தொறக்காதன்னு சொல்லி வெச்சேன்."

லுப்னா பால் பாத்திரத்தின் விளிம்பைத் தடவினாள். "நான் காலேஜ் போனப்புறமாச்சும், வூட்டுல யாரும் இல்லாதப்ப, நீங்க சரியா வெச்சிப் பாத்துருப்பீங்க இல்ல?"

"இல்லம்மா. நடுவுல நீ வந்துட்டன்னா?" அத்தா தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கண்ணைத் துடைத்தார். "மொதல்ல எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் எனக்கே மாறிப்போச்சு. கண்ண மூடினா உன் அம்மாதான் வருவா, அந்த குண்டா இருக்கிறவ. என் ஷமீமா வரவே மாட்டா. எவ்வளவோ யோசிப்பேன், முகம் வராது. இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அத்தா கவலையில் இளைத்தவர் இல்லை, எப்போதும் இப்படித்தான் இருந்தார். அது பரவாயில்லை. ஆனால் தான் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பெண்டாட்டியின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிகொடுத்திருக்கிறார் என்று நினைத்தபோது, லுப்னாவுக்கு அதுவரை வராத அழுகை வந்தது.

அத்தா கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அஸ்ஃபாக், முன்ன இருந்தாப்ல முழுசா வெச்சிடுப்பா."

"ஏன் அத்தா? இதுதான் கரெக்டு!"

"சொன்னத செய்டா."

லுப்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் கூடத்துக்குப் போனாள். அண்ணன் கையிலிருந்த ரிமோட்டை வாங்கினாள். அழுத்த வேண்டிய பொத்தான் எது என்று அவளுக்கு இப்போது தெரியும். அழுத்தினால் அம்மா வந்துவிடுவாள்.

"இப்படியே இருக்கட்டும்ணா" என்று ரிமோட்டைக் குப்பியின் மடியில் வைத்தாள். "டேப்ப மட்டும் பின்னாடி ஓட்டு. அத்தா சரியாப் பாக்கல."

அத்தாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வட்டக் கடிகாரம் வந்தது. அந்த ஒல்லிப் பெண் நிமிர்ந்து சிரித்தாள். அத்தாவின் உதடு ஏதோ பேர் சொல்வதுபோல அசைந்தது. காது, விரல், நெற்றி என்று லுப்னா தன் ஜாடை ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். எதுவும் தென்படவில்லை.

"அழகா இருக்காங்க அத்தா" என்றாள், யாரோ ஒரு வீட்டுப் பெண்ணைச் சொல்வதுபோல.

அத்தா தலையாட்டினார். அவர் கண் படத்தை விட்டு நகரவில்லை. லுப்னா படத்தைப் பார்க்கவில்லை. சுவரின் இரண்டு ஓரத்திலும் ஒன்றுமில்லாமல் கறுத்துக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் அவள் அம்மா இருந்தது அங்கேதான்.