துபாயிலிருந்து வண்டி ஓட்டியவர்

வண்டி என் கணவர் வாவு முகம்மதுவுடையது. அவர் இருப்பது துபாயில். வண்டி நிற்பது கீழக்கரையில், எங்கள் வாசலில். ஓட்டுவதற்குப் பால்சாமியை வைத்தார். அவனுக்கு ஒரு செல்போனும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு வாங்கித் தரவில்லை. "பொம்பளைக்கு எதுக்கு செல்லு?" என்று கேட்டவர் அவர். நான் வாசல்படி தாண்டினால் போதும், அந்த போன் அடிக்கும். எங்கே போகிறேன், யாரோடு பேசினேன், எப்போது திரும்புவேன் என்று பால்சாமி ஒப்பிப்பான். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை காதில். இரண்டாயிரத்து ஆறில் நூர் நிஷாவுக்கு, அதாவது எனக்கு, வீட்டில் இருந்த மரியாதை இவ்வளவுதான்.

அன்று தொண்டிக்குக் கிளம்பினோம். என் அக்கா லத்தீபாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. என் மகள் காலிதாவுக்கு ஏழு வயது. அடம்பிடித்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். தேவிபட்டினம் தாண்டுவதற்குள் மூன்று தடவை போன் வந்துவிட்டது.

"பால்சாமி, ஓரங்கட்டிட்டுப் பேசு."

"ஓரங்கட்டுனா எஞ்சின் சத்தம் கேக்காது, வண்டி ஏன் நிக்கிதுன்னு கேப்பாருக்கா. ஒடனே எடுக்கலன்னாலும் வைவாரு."

"பிள்ளை முன்னால இருக்கு."

"எனக்குக் கையி பழகிருச்சுக்கா."

பழகிவிட்டதாம்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் இவனை வைது என்ன பயன்? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

பங்குனி வெயில். உப்பூருக்கு முன்னால் ரோட்டில் பாதியை அடைத்துக் குண்டு மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வண்டி ஏறாமலிருக்க மிளகாயைச் சுற்றிக் கல் வைப்பார்கள். வருகிறவன் கல்லைப் பார்த்து ஒதுங்கிப் போவான், கண் ரோட்டில் இருந்தால்.

நாலாவது தடவை போன் அடித்தது. எடுக்கப் போன பால்சாமியின் கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. அவன் குனிந்தான்.

"பால்சாமி, கல்லு!"

கல்லில் மோதி, மிளகாயில் ஏறி, ரோட்டோரப் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது வண்டி. காலிதாவின் நெற்றி முன்னால் இடித்துப் பிளந்து ரத்தம் வந்தது. நசுங்கின மிளகாயின் நெடியில் எல்லோருக்கும் மூச்சு முட்டியது. மிளகாய் கிளறிக்கொண்டிருந்த பிச்சையம்மாள் பள்ளத்தில் குதித்துத்தான் உயிர் பிழைத்திருந்தாள். கையில் பலகையோடு ஏறி வந்தாள்.

"ஏலே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? ஒரு எட்டு இங்கிட்டு நின்னுருந்தா என்னையில்ல அள்ளிக்கிட்டுப் போயிருக்கணும்! நாசமாப் போறவனே!"

அவனைத் திட்டிக்கொண்டே தண்ணீர்க் குடத்தை என் பக்கம் காலால் தள்ளினாள். "மிளகாக் கையி, நான் தொடக்கூடாது. நீயே பிள்ளைக்குக் கழுவிவிடு தாயி."

கழுவித் துணியால் கட்டினேன். பிள்ளை வீறிட்டு அழுதாள். போன் இன்னும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் எடுத்தேன்.

"ஏலே, இம்புட்டு நேரம் எடுக்காம என்னலே பண்றே? அவ எங்கன இருக்கா?"

"அவதான் பேசுறேன். உப்பூருக்கிட்ட நிக்கிறோம். ஒங்க போனை எடுக்கக் குனிஞ்சு, மிளகாயில வண்டியை ஏத்திட்டான்."

என் இடுப்பைக் கட்டிக்கொண்டு காலிதா அலறுவது துபாய்க்குக் கேட்காமலா இருக்கும்?

"வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றார்.

பொறுத்தேன். அடுத்த கேள்வி பிள்ளையைப் பற்றி இருக்கும் என்று நினைத்தேன்.

"பம்பர் நசுங்கிருச்சா? பால்சாமிகிட்ட குடு."

போனைக் கட் செய்தேன். பத்து வருஷக் கல்யாணத்தில் இந்த மனிதனை அவ்வளவு வெறுத்ததில்லை.

"ஏறுங்கக்கா, மெதுவாப் போயிருவோம்" என்றான் பால்சாமி. முகம் வெளுத்திருந்தது.

"நீ ஓட்டுனா ஏறலாம். நீயா ஓட்டுறே? அவருல்ல துபாயிலருந்து ஓட்டுறாரு! இந்தம்மாவுக்கு மிளகாயை அள்ளிக் குடுத்துட்டு வீடு போய்ச் சேரு."

தொண்டி பஸ் வந்தது. கைகாட்டி நிறுத்திப் பிள்ளையோடு ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. உட்கார்ந்த பிறகுதான் போன் என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன். அது மறுபடி அடித்தது.

"பால்சாமிகிட்ட குடுன்னேன்ல?"

"நான் பஸ்ஸுல போறேன்."

"பஸ்ஸுலயா? யாரைக் கேட்டு ஏறுனே? டிரைவர்கிட்ட போனைக் குடு. ஒன்னை உப்பூர்ல எறக்கிவிடச் சொல்றேன்."

நிமிர்ந்து பார்த்தேன். டிரைவரின் தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது.

"குடுக்க ஏலாது. ஓட்டுநருடன் பேசக் கூடாதுன்னு இங்கன எழுதிப் போட்டிருக்கு."

அந்தப் பக்கம் கத்தத் தொடங்கினார். காலிதா பெயர் வருகிறதா என்று கடைசியாக ஒரு நிமிஷம் கேட்டேன். வரவில்லை. போனை அணைத்துவிட்டேன்.