சுருதி சேராது என்று நிரூபித்தவர்

1

"இன்னும் ஒரே வாரம், தெக்லா. அளந்து முடிச்சதும் பியானோ கூடத்துக்கு வந்துடும்."

"போன வருஷமும் இதே வாரத்தைத்தானே சொன்னீங்க?"

"அது வேற கம்பி."

இந்தக் கதை பிறந்தது இந்த மூன்று வரியில்தான். ஜெர்மனியில் லான் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக ஊரில், ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தன் குடும்பத்துப் பழங்கதை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் ஆரம்பம்: "கைசர் காலத்து ஜெர்மனியின் ஒப்பற்ற கணித மேதையும் இயற்பியல் அறிஞருமான லெபெரெக்ட் வென்ட்லர்..."

[அடித்துவிட்டேன். மேதை உள்ளே வந்ததுமே மனைவி சமையலறைக்குள் போய்விடுகிறாள்.]

சரி, சமையலறையிலிருந்தே தொடங்குகிறேன். தெக்லா பிளம்ஸ் கேக்குக்கு மாவு பிசைகிறாள். பிசைகிறாளா? விரல்கள் மாவின் மேல் வாசித்துக்கொண்டு ஓடுகின்றன. அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த பியானோ, கல்யாணமான மறுவருஷமே கணவரின் ஆராய்ச்சிக்குப் போனது. படிப்பறையில் மூடி கழன்று, கம்பிகளில் சோதனைக்காக மெழுகு அப்பிக் கிடக்கிறது. [அவள் கண்ணில் நீர் — வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு விருந்தாளி வருகிற வீட்டில் அழ நேரம் ஏது?]

3

வென்ட்லர் அப்படி என்னதான் கண்டுபிடித்தார்? கம்பிக்கு விறைப்பு உண்டு. அதனால் எந்தப் பியானோவும் முழுச் சுருதியில் நிற்காது. இதைத் தடித்த நூலாக எழுதி நிரூபித்தார்.* ஊரே பாராட்டியது.

* பக்கத்துக்குப் பக்கம் "எளிதில் காணலாம்" என்று எழுதியிருக்கிறார். அதைக் காண அவருக்கே பாதி ஆயுள் பிடித்தது.

4

பாராட்ட வந்த சக பேராசிரியர் ஷ்னூர், கேக்கை மென்றுகொண்டே கேட்டார்:

"ஆராய்ச்சிதான் முடிஞ்சாச்சே வென்ட்லர், இனி அந்தப் பெட்டியை என்ன செய்யப் போறீங்க?"

"மேல புத்தகம் அடுக்கலாம்னு இருக்கேன். சுருதியே சேராதுன்னு நிரூபிச்சாச்சு. இனிமே அதை யார் வாசிக்கப் போறா?"

"உங்க வீட்டம்மா?"

"தெக்லாவா? அவ ஒரு தடவைகூட வேணும்னு கேட்டதில்லையே!"

ஷ்னூரின் கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தவள் தெக்லாதான்.

5

முடிவுகள்:

அ) வென்ட்லர் மன்னிப்புக் கேட்கிறார். வாசகிகளுக்குப் பிடிக்கும். பேராசிரியர்களோடு குடும்பம் நடத்தியவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஆ) தெக்லா பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு... ஷ்னூருக்கு இரண்டாவது கோப்பை யார் ஊற்றுவது?

இ) மூன்றாவதை யோசிப்பதற்குள் தெக்லா காபிக் குடுவையை மேசையில் வைத்துவிட்டாள். காபி தெறித்திருந்த விரல்களைச் சமையல் மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. வென்ட்லரின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்; என் பேனா அவள் பேச்சோடு நிற்கிறது.

"சுருதி சேராட்டி போகட்டுங்க. எனக்கு வாசிக்கணும். என் பியானோவை எனக்குத் திருப்பிக் குடுங்க."