கிடங்கு அறிக்கையைப் படிப்பவர் யார்?

எனக்குச் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்த செய்தி பரவியதும் குடும்பத்தில் எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. கம்ப்யூட்டரை அணைக்க பிளக்கைப் பிடுங்குகிற சித்தப்பா, "மேனேஜர் கிளம்பறதுக்கு முன்னாடி நீ கிளம்பாதே" என்றார். அண்ணன் ஏற்கெனவே இதே தொழிலில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் அவன் சொன்னது வேதவாக்கு. "கேள்வி மட்டும் கேக்காதே. இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு முத்திரை குத்திடுவாங்க. தலையாட்டு. எப்போ கேட்டாலும், கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சுன்னு சொல்லு."

முதல் நாளே மேனேஜர் ஒரு பழைய புரோகிராமை என் தலையில் கட்டினார். ஒரு வாடிக்கையாளரின் கிடங்கில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்று எங்களிடம் இருக்கும் பட்டியலை வைத்து தினமும் எண்ணி, அறிக்கையாக்கி, மின்னஞ்சலில் அனுப்புவது அதன் வேலை. ஓடி முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். "இதை வேகமாக்கு. உன்னை நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவேன்" என்றார். அம்மாவோ நான் நிரந்தரமாகிவிட்டதாகத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து முடித்திருந்தாள்.

காலையில் எங்கள் குழு வட்டமாக நின்று, நேற்று என்ன கிழித்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். எல்லோரும் "கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு" என்பார்கள். சீனியர் ஒருவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றவே மாட்டார். அவருக்குப் பெயரே ஹெட்போன்தான். அவரும் அதையேதான் சொல்வார். நானும் சொன்னேன். உண்மையில் எனக்கு மண்டை காய்ந்துகொண்டிருந்தது. அறிக்கையில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்தால் பாதியை வெட்டி எறியலாம். "இதை யாரு படிக்கிறாங்க?" என்று ஹெட்போனிடம் கேட்டேன். அவர் தலையாட்டினார்.

வெறுத்துப்போய் வாடிக்கையாளர் அலுவலகத்துக்கே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"அந்தக் கிடங்கா? அதை இடிச்சு எவ்வளவோ வருஷமாச்சே. இப்போ அங்க கார் நிறுத்தறோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகுதான் உறைத்தது. இதைச் சொன்னால் என் வேலைக்கே வேலை இல்லை. பிறகு எதை வைத்து என்னை நிரந்தரமாக்குவார்கள்? சொல்லாவிட்டால், இல்லாத பெட்டிகளை வேகமாக எண்ணிக் காட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். அண்ணனிடம் கேட்டேன். "வாயை மூடிக்கிட்டு எண்ணு" என்றான்.

அவன் மேல் வந்த எரிச்சலோ என்னவோ, மறுநாள் வட்டத்தில் என் முறை வந்ததும் போட்டு உடைத்தேன். "சார், அந்தக் கிடங்கே இல்ல. இடிச்சுட்டாங்க."

ஹெட்போன் முதன்முறையாக ஹெட்போனைக் கழற்றினார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "ரூமுக்கு வா" என்றார்.

சீட்டு கிழிந்தது என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் கதவைச் சாத்தினார்.

"அதை எழுதினதே நான்தான். சேர்ந்ததும் எனக்குக் குடுத்த முதல் வேலை."

"யாருக்குப் போகுதுன்னு நீங்க கேக்கவே இல்லையா சார்?"

"கேட்டா, ஒண்ணும் தெரியாதவன்னு நினைச்சுட்டா?"

இந்த மனிதரைப் பார்த்தா இத்தனை நாள் பயந்தோம் என்று பாவமாக இருந்தது.

"உன்னை நிரந்தரம் பண்ணிடறேன். அதை நிறுத்திடு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை எனக்கு அனுப்பேன்" என்றார்.

அனுப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மேலே போய், திரும்பக் கீழே வந்தார். உதடுகள் முணுமுணுத்தன.

"கூட்டுத்தொகை தப்பா இருக்கே. நான் எழுதினப்பவே பண்ணின தப்பு" என்றார். "அப்போ, கிடங்கு இருந்தப்பவும் யாரும் படிக்கல."