இடது பக்கத்துக் கீறல்கள்

வண்டியைப் பார்த்தால் ஓட்டுகிறவனைச் சொல்லிவிடுவேன். இருபத்தெட்டு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. இன்ஷுரன்ஸ் கம்பெனிகளுக்காக இடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, எப்படி இடித்தது, யார் பேரில் தப்பு என்று ரிப்போர்ட் எழுதும் சர்வேயர் நான். கீறலின் சாய்வைப் பார்த்தே பிரேக் பிடித்தானா, போனில் பேசிக்கொண்டிருந்தானா என்று சொல்வேன். முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பார்க்கலை சார்." பார்த்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு வந்துவிடுவேன். என் ரிப்போர்ட்டை எதிர்த்துப் போனவர்கள் யாரும் ஜெயித்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

அப்படிப்பட்ட ஸ்ரீகண்டனாகிய நான் என் சொந்த வண்டியை விற்கும்படி ஆயிற்று. அடர்நீல ஜெர்மன் செடான். டர்போ எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் இழுவை. ஐம்பத்திரண்டாவது வயதில், மற்றவர்களின் நொறுங்கின வண்டிகளைப் பார்த்து அலுத்துப்போய், எனக்கென்று ஒன்று வேண்டும் என்று வாங்கினேன். கரமனை அக்ரஹாரத் தெருவில் அதைத் திருப்புவதற்குள் எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து யோசனை சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் ஆசைப்பட்டு வாங்கின ஒரே பொருள் அது.

விற்கச் சொன்னவள் அனந்தலக்ஷ்மி, என் மனைவி. ஏப்ரல் மாதம் பாப்பனங்கோட்டில் இடதுபுறம் திரும்பும்போது ஒரு ஸ்கூட்டர் மேல் இடித்துவிட்டேன். பட்டப்பகல், பதினொரு மணி. ஆர்ஷா என்று ஒரு பெண், நர்சிங் படிக்கிறவள், கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவள் எங்கிருந்தோ முளைத்து வந்தாள். இறங்கின வேகத்தில், கண்ணு கண்டூடே என்று நடுரோட்டில் அவளிடம் மலையாளத்தில் கத்தினேன். உனக்குக் கண் தெரியாதா என்று. அவள் ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிக்கொண்டு, "ஸாரி அங்கிள்" என்றாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். வழியெல்லாம் இடதுபக்கமாக ஓவர்டேக் பண்ணக்கூடாது என்று பாடம் நடத்தினேன். அவள் அப்பா கேஸ் என்று ஒன்றும் போகவில்லை. சர்வேயர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாராம்.

அன்று சாயந்திரம் லக்ஷ்மி சொன்னாள். "இனி அந்த வண்டில நான் ஏறமாட்டேன். நீங்களும் ஏறப்படாது. அதை வித்துடுங்கோ. கண்ணாஸ்பத்திரில ஒருதடவை காட்டுங்கோ."

"என் கண்ணுக்கு என்ன கேடு? தெருக்கோடில நிக்கற வண்டியோட நம்பரைப் படிக்கட்டுமா?"

படித்தும் காட்டினேன்.

குறை வண்டியில். அதை நான் கண்டுபிடித்துவிட்டேன். முன் கண்ணாடியின் இடது தூண் தடிமன், பக்கத்தில் வருகிறவனை மறைத்துவிடுகிறது. இடது மிர்ரர் சின்னது. ராத்திரியில் ஹெட்லைட் இடதுபக்கம் சரியாக விழுவதில்லை. இரண்டு தடவை சர்வீஸில் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இதை விற்றுவிட்டு, நாலு பக்கமும் கேமரா வைத்த வண்டி ஒன்று வாங்குவது என்று தீர்மானம் செய்தேன். என்னிடமிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்க யாராலும் முடியாது. ஓட்டாமல் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

லக்ஷ்மிக்கும் அந்தச் சமயத்தில் என்னவோ ஆகியிருந்தது. காபி டம்ளரை மேஜையில் கண்ட இடத்தில் வைப்பாள், என் கை பட்டுக் கொட்டும். பூனை மாதிரி பக்கத்தில் வந்து நின்று திடீரென்று பேசுவாள், எனக்குத் தூக்கிவாரிப் போடும். வயசானால் ஒழுங்கு போய்விடுமா என்று திட்டியிருக்கிறேன்.

விளம்பரம் கொடுத்த மூன்றாம் நாள் சிபி என்று ஒரு பையன் போன் செய்தான். கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் டெஸ்டர், ஊர் பாறசாலை.

"சார், நல்லது கெட்டது ரெண்டும் சொல்லுங்க. மறைக்காம சொன்னா போதும்," என்றான்.

எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. வஞ்சகமில்லாமல் எல்லாம் சொன்னேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் யோசிக்கும், அப்புறம் டர்போ பிடித்துக்கொண்டால் முதுகு சீட்டோடு ஒட்டிவிடும். மழையில் மலைப்பாதையில் நாலு சக்கரமும் தரையைப் பற்றிக்கொண்டு ஏறும். அந்த சுகத்துக்கு ஈடு கிடையாது. அடிவயிறு தாழ்ந்த வண்டி, ஒவ்வொரு வேகத்தடையிலும் உரசும். பெட்ரோலைக் குடிக்கும். ஒரு டயர் போனால் நாலையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாலு சக்கரத்துக்கும் சக்தி பிரித்துக் கொடுக்கும் பாகம் கெட்டுவிடும். நல்ல ஓட்டம் ஓடி நின்றால் உடனே அணைக்கக்கூடாது, டர்போ சூடு ஆற ஒரு நிமிஷம் எஞ்சினை ஓட விடணும். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, இடது தூண்.

"அது என்னது சார், தூணு?"

"வந்து ஓட்டிப் பாரு, புரியும்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். மலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றான். பொன்முடிப் பாதையில் போகலாம் என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். லக்ஷ்மி புடவை மாற்றிக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறினாள்.

"நீ ஏறமாட்டேன்னு சொன்னியே?"

"ஓட்டறது அந்தப் பிள்ளைதானே. வழியில நீங்க வாங்கி ஓட்டாம இருக்கணுமே, அதுக்காக்கும் வரேன்."

விதுரா தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கல்லாற்றுப் பாலத்தைக் கடந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. பையன் நன்றாக ஓட்டினான். மூன்றாவது வளைவில் சக்கரங்கள் ஈரத்தில் ஒரு நூல்கூட வழுக்காமல் வண்டியைச் சுழற்றி மேலே ஏற்றின. அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வயிறு எரிந்தது.

"இப்போ பாரு. இடது தூண் மறைக்கறதோல்லியோ?"

அவன் அடுத்த வளைவு முழுக்கக் கவனித்தான். "இல்லியே சார். எனக்கு எல்லாம் நல்லா தெரியுதே. மறைக்கணும்னா வலப்பக்கத் தூணுல்லா மறைக்கணும், அதுதான ஓட்டுதவனுக்குக் கிட்ட இருக்கு?"

இதை நான் எத்தனையோ டிரைவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பேச்சை மாற்றினேன்.

"மிர்ரர்?" என்றேன்.

"மிர்ரரும் கொழப்பமில்ல. ஒரு பைக்கு விதுராலேருந்து நம்ம இடது பக்கத்துலயேதான் வந்துட்டிருக்கான், அதுல தெளிவா தெரியுது. இப்பம் பாருங்க, நம்ம கூடவே வரான்."

என் கண்ணில் பைக் எதுவும் படவில்லை. பையனுக்குச் சின்ன வயசு, குறை கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பின்சீட்டில் லக்ஷ்மி தொண்டையைச் செருமினாள்.

பாதி மலை ஏறித் திரும்பி, கல்லாற்றில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினான். மழை விட்டிருந்தது. நான் சொன்னதை மறக்காமல் எஞ்சினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தான். லக்ஷ்மி டீ சொல்லக் கடைக்குப் போனாள். சிபி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இடது பக்கத்தில் குனிந்து விரலால் தடவினான்.

"சார், வலப்பக்கம் புது வண்டி கணக்கா இருக்கு. இங்க பூரா பெயிண்ட் டச்சப் பண்ணிருக்கே. வேற யாரும் ஓட்டுனாங்களா?"

"நான் மட்டும்தான். சின்னச் சின்ன உரசல். பெயிண்ட் கடை ரதீஷ்ட்ட கொடுத்து அப்பப்போ சரி பண்ணிடுவேன்."

"கிளெய்ம் போடலியா?"

போடவில்லை. போட்டால் இன்னொரு சர்வேயர் வந்து பார்ப்பான். என் வண்டியை இன்னொருத்தன் பார்த்து எழுதுவதா? அந்த அவமானத்துக்குப் பயந்து ஒன்றையும் நான் வெளியே விடவில்லை. நானும்கூடக் குனிந்து பார்த்ததில்லை. ரதீஷிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

சிபி சாதாரணமாகத்தான் கேட்டான். "நீங்க சர்வேயர்லா சார். இந்த வண்டிய வேற ஒருத்தரு கொண்டுவந்தா என்ன எழுதுவீங்க?"

நான் வண்டியின் இடது பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். தொழில் புத்தி, உட்கார்ந்தவுடன் கை தானாகத் தேட ஆரம்பித்தது. டச்சப் போட்ட இடத்தில் சாய்ந்து பார்த்தால் அடியில் இருப்பது தெரியும். பம்பர் முனை, ஏதோ கேட் கம்பம். மிர்ரரின் வெளிவிளிம்பு, மூன்று தனித்தனி அடி. சக்கரங்கள் இரண்டிலும் நடைபாதைக் கல் தேய்த்தது. பின்கதவில் முழ நீளத்துக்கு ஒரு கீறல். அவனுக்குப் பாடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனேன்.

"தெரிஞ்சு உரசினா கடைசி நிமிஷத்துல ஸ்டியரிங்க ஒடிப்பான். அப்போ கீறல் வளையும். பிரேக் புடிச்சா மூக்கு தாழும், கீறலும் கீழே இறங்கும். இதுல ஒண்ணாவது வளைஞ்சிருக்கா பாரு. எல்லாம் நேர்கோடு. ஒரு நாள்ல வந்ததும் இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கு. வண்டில குறை ஒண்ணும் இல்லை. ஓட்டினவனுக்கு இடதுபக்கம் தெரியலை."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். லக்ஷ்மி கேட்டிருப்பாளோ என்று கடைப்பக்கம் பார்த்தேன். அங்கே அவள் இல்லை.

"மாமி எங்கே போனா?" என்று சிபியிடம் கேட்டேன்.

அவன் என் முகத்தையும் எனக்குப் பக்கத்து இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இங்கேதான் இருக்கேன்," என்றாள் லக்ஷ்மி. என் இடது தோளுக்கு ஒரு சாண் தள்ளி, டீ கிளாஸை நீட்டிக்கொண்டு நின்றாள். "அப்பவே வந்துட்டேன். டீ ஆறிப்போச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். வலது கண்ணை மூடி, ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். மெஷின் டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. புள்ளிகள் வந்துகொண்டிருக்கின்றன என்று சத்தத்தில் தெரிந்தது. நடுவில் வந்த ஒன்றிரண்டைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கையில் பட்டனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் காகிதத்தைக் காட்டினாள். இடது கண்ணின் வட்டத்தில் நடுவே ஒரு திட்டைத் தவிர எல்லாம் கறுப்பு. க்ளாக்கோமா, ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, வலிக்காது, நடுப்பார்வை கடைசியில்தான் போகும் என்றாள். நம்பர் பிளேட்டை நான் படித்த ரகசியம் அதுதான். போனது திரும்பாது. வலது கண்ணிலும் மூக்குப் பக்கத்துப் பார்வை, அதாவது இடதுபுறம், போகத் தொடங்கிவிட்டது. சொட்டு மருந்து போட்டால் வேகம் குறையலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். வண்டி ஓட்டலாமா என்று நான் கேட்கவில்லை. எத்தனையோ காகிதங்களைப் படித்தவன், இதையும் எனக்குப் படிக்கத் தெரிந்தது.

நான் சேர்த்து வைத்திருந்த கேமரா வண்டிகளின் படங்களை லக்ஷ்மி பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள். சிபி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். தெருமுனையில் ஒரே திருப்பில் திரும்பிப் போய்விட்டான், எதிர்வீட்டுக்காரர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. தொழிலையும் விட்டாயிற்று. பாதி வண்டியைப் பார்க்கிறவன் யார் பேரில் தப்பென்று எழுதுவது?

ஒரு வேலை பாக்கி இருந்தது. இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, ஆர்ஷாவுக்குப் போன் செய்தேன். கை எப்படி என்று கேட்டேன். முழுசாக மடங்குவதில்லை, ஊசி போடும்போது சிரமம், பழகிவிடும் என்றாள். ஸ்கூட்டரை அப்பா விற்றுவிட்டாராம். பஸ்ஸில் போகிறாளாம். அன்றைக்கு அங்கிள் சொன்னதற்குப் பிறகு, ரோட்டைப் பார்த்து ஓட்டும் புத்தி தனக்கு இல்லை என்று தெரிந்துபோனது, ரோட்டைக் குறுக்கே கடக்கவும் பயமாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாள்.

நான் சொல்லிவிட்டேன். நீ ஓவர்டேக் செய்யவில்லை அம்மா, எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாய், எனக்குத்தான் தெரியவில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"இது அந்நே பறஞ்ஞூடாயிருந்நோ அங்கிளே?" என்றாள். இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று.

அன்றைக்கு எனக்கே தெரியாது, நான் பார்க்கலை என்று சொன்னேன். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் பதிலை நான் யாரிடமிருந்தும் ஏற்றுக்கொண்டதில்லை. அவளும் போனை வைத்துவிட்டாள்.