பெட்டி ஒழுகுது

"அந்தச் சாக்குக்க வாயப் பிடி பிள்ளே. ஒத்தக் கையால கட்ட முடியல்ல" என்றாள் நாத்தனார் ஜினிஷா.

ரெஜிஷா கைக்குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மறு கையால் சாக்கின் வாயைப் பிடித்தாள். உள்ளே மாமனார் ததேயுஸின் போர்வை, ரப்பர் விரிப்பு, தலையணை, பவுடர் டப்பா, கிழிந்த லுங்கிகள். அவர் வாதம் வந்து ஒரு வருடம் கிடந்த கட்டில் இப்போது வெறும் பலகையாக இருந்தது. சவப்பெட்டி வாசல் இறங்குவதற்குள் இந்தச் சாமான்களைக் கடற்கரையில் கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். அந்தத் தெருவில் அப்படித்தான் வழக்கம்.

ரெஜிஷா கண்ணால் துழாவினாள். நீல நிறப் பாக்கெட்டைக் காணவில்லை.

"மைனி, கட்டிலுக்க அடியில ஒரு பாக்கெட் கெடந்துதே."

"என்ன பாக்கெட்?"

"மாமாக்க டயப்பர்."

"அடியில கெடந்தத எல்லாம் ஆருக்க சாமானுண்ணு பாத்துக்கிட்டா இருந்தேன்? அள்ளித் திணிச்சாச்சு. நீ அத வச்சு என்ன செய்யப் போற?"

"இல்ல, ஆஸ்பத்திரியில குடுத்தா யாருக்காவது ஆவும்..."

"செத்தவருக்க சாமானத்த யாருட்டி வாங்குவா? இறுக்கிப் பிடி."

கயிறு இரண்டு சுற்றுச் சுற்றி விழுந்தது. இரண்டு பேர் வந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரெஜிஷா வாசல்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஜினிஷா அவள் தோளைத் தொட்டு, "அழாத. அவரு கெடந்து பட்ட பாட்டுக்குப் போனது நல்லது" என்றாள். அப்பாவை நினைத்து அவளுக்குத்தான் குரல் உடைந்தது.

ரெஜிஷா மறுபடி கூடத்துக்கு வந்து தன் பாயில் உட்கார்ந்தாள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மாமியார் செசிலி, கால்மாட்டில் மருமகள். சவம் எடுக்கும்வரை அந்த இரண்டு இடமும் காலியாகக் கூடாது. சாதாரணமாக அது ஒரு பொழுது. ஆனால் மகன் சிஜோ பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தான். அவன் கரைக்கு வந்து, டிக்கெட் கிடைத்து, விமானம் ஏற இரண்டு நாள் ஆகிவிட்டது. ததேயுஸ் கண்ணாடிக்கு அடியில் மூக்கில் பஞ்சோடு அவனுக்காகக் காத்திருந்தார். பெட்டியின் மோட்டார் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து ரெஜிஷா நான்கு தடவை எழுந்து போய்விட்டாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளையைக் காரணம் சொன்னாள். பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "மருமவளுக்கு ஓரிடத்துல இருப்பு கொள்ளல்ல. உள்ள என்ன, மீன் பொரிச்சா வச்சிருக்கு?"

அதற்குப் பிறகு ரெஜிஷா எழவில்லை. விடியற்காலை மடித்து வைத்த துணி அப்போதே கனத்துப்போயிருந்தது.

ஐந்து மாதமாக இப்படித்தான். இரண்டாவது பிள்ளைக்கு எடை கூடுதல், ஆயுதம் போட்டு எடுத்தார்கள். தொட்டில் கட்டின வாரத்தில் ஒரு நாள் தும்மினாள், நனைந்தது. பிறகு இருமினால், குடம் தூக்கினால், படியிறங்கினால். தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸிடம் மெதுவாகக் கேட்டாள். "ரெண்டு பெத்தா இப்படித்தான் இருக்கும். தும்முற நேரம் கால இறுக்கிக்கிடு" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். ரெஜிஷாவுக்கு இருபத்தேழு வயது. சிஜோவிடம் வீடியோ காலில் தினமும் பேசினாள். பிள்ளை குப்புற விழுந்ததைச் சொன்னாள், இதைச் சொல்லவில்லை.

தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்தார்.

ஒரு நாள் அவரைப் புரட்டித் துடைக்கும்போது அவர் இடுப்பைத் தூக்க முக்கினாள். நைட்டியின் பின்பக்கம் நனைந்து காலில் இறங்கியது. அவர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் மாற்றி முடித்ததும், நல்ல கையால் நீலப் பாக்கெட்டை அவள் பக்கமாக மெல்ல மெல்லத் தள்ளினார். வாய் கோணினதால் சொல் குழறியே வரும். "நீயும் எடு மக்கா" என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும், கோட்டாற்றுக் கடைக்கும் போகும்போது அவள் அதிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டாள். கிழவருக்குச் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று ஜினிஷா முணுமுணுத்தாள். மூத்திரம் கூடுதலாகப் போகிறது என்று செசிலி சொன்னாள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

செசிலி அவ்வளவு பேசுகிறவள் அல்ல. தெருவில் அவளுக்குச் சிரிக்காச் செசிலி என்று பெயர். கல்யாண வீட்டில் எல்லோரும் புரண்டு சிரிக்கும்போது அவள் மட்டும் காலைப் பின்னிக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான்கு பிள்ளை பெற்ற திமிர் என்பார்கள். வந்து ஆறு வருடத்தில் மாமியார் தன்னைப் பார்த்து ஒருமுறைகூடப் பல் தெரியச் சிரித்ததில்லை என்பது ரெஜிஷாவின் மனதில் கிடந்தது.

"சிஜோ திருவனந்தபுரம் எறங்கிட்டான்!" என்று ஜினிஷா போனோடு ஓடி வந்தாள். "வண்டி கெளம்பியாச்சு. ரெண்டு மணிக்கூர்ல வந்திருவான்."

அழுகை ஒரு சுற்று எழும்பி அடங்கியது. இன்னொரு செபமாலை சொல்லலாம் என்று யாரோ சொன்னார்கள். உபதேசியார் சாம்பிராணிக் கரண்டியை எடுத்து வந்து பெட்டியைச் சுற்றிக் காட்டினார். புகை கால்மாட்டில் வந்து நின்றது.

ரெஜிஷா மூக்கைப் பிடித்தாள். காலை இறுக்கினாள். தும்மல் வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவது தும்மலில் எல்லாம் கைவிட்டுப்போயிற்று.

சூடு பாய்க்கு அடியில் பரவுவது தெரிந்தது. அவள் அசையாமல் செபத்தை முணுமுணுத்தாள். தரை கொஞ்சம் சரிவு. பாயின் ஓரத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, டைல்ஸ் இடுக்கு வழியாக ஐஸ் பெட்டியின் சக்கரத்தை நோக்கிப் போயிற்று.

"ஏட்டி, பெட்டி ஒழுகுது!" என்றாள் வியாகுலம்மாள்.

செபம் நின்றது.

"எங்க?"

"இதா, சக்கரத்துக்க கிட்ட. பாத்தியா? வருசம் ஒண்ணாச்சு அண்ணன் கடலப் பாத்து. இப்ப கடலயே வீட்டுக்குள்ள கூப்பிடுதாரு போல."

வாயைப் பொத்திக்கொண்டு யாரோ சிரித்தார்கள்.

வாசற்படியிலிருந்து ஐஸ் பெட்டிக்காரன் சிலுவை எழுந்து வந்தான். "ஒழுகாது அக்கா. இது புதுப் பெட்டி. தண்ணி போறதுக்குப் பின்னால டியூப் வச்சிருக்கு, அடியில பாத்திரம் இருக்கு பாருங்க."

"அப்ப இது என்னதுலே, பன்னீரா?"

அவன் குனிந்தான். பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தான். பிறகு தரையிலிருந்த ஈரத்தை இரண்டு விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோகக் கையை எடுத்தான்.

"கைய எடுலே!"

இரண்டு நாளில் செசிலி வாய் திறந்தது அப்போதுதான். சிலுவை விரலை அப்படியே சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ராத்திரியே ஒழுகிச்சு. நாந்தான் தொடச்சேன்" என்றாள் செசிலி.

"அம்மா, ராத்திரி நான் இங்கதான..." என்று இழுத்தான் சிலுவை.

"பெட்டி ஒழுகுதுண்ணு சொல்லுதேம்லா? போய் வெளிய இரி."

செசிலி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாதி எழுந்து ஒரு கணம் நின்று, காலை ஒட்டவைத்து, பிறகு நிமிர்ந்தாள். ரெஜிஷா அதைப் பார்த்தாள். அவளும் எழும்போது அப்படித்தான் எழுவாள்.

செசிலி தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை ஈரத்தின் மேல் போட்டாள். சுற்றியிருந்தவர்களிடம், "ஐஸ் தண்ணியில மருமவளுக்க சீல முழுக்க நனஞ்சு போச்சு. பச்சப் பிள்ளைக்குப் பால் குடுக்கிறவ, குளிர் பிடிக்கப்போவுது" என்றாள். பிறகு ரெஜிஷாவின் பின்னால் வந்து, தான் போர்த்தியிருந்த கறுப்புச் சால்வையை அவள் இடுப்பைச் சுற்றிவிட்டாள்.

"எழும்பு மக்கா. எனக்க டிரங்குப் பெட்டியத் தெற. மாத்துறதுக்கு இருக்கு."

அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் தொட்டதில்லை. அடுக்களைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் இருந்தது. ரெஜிஷா கதவைத் தாழிட்டுவிட்டு மூடியைத் தூக்கினாள். பாச்சை உருண்டை வாசனை. மேலே ஒரு சேலை. சேலைக்கு அடியில் நீலப் பாக்கெட்.

அவள் கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் பார்த்தாள். சாக்கு இந்நேரம் கரையில் எரிந்து முடிந்திருக்கும்.

பாக்கெட்டை எடுத்தபோது அதற்கும் அடியில் துணிகள் தெரிந்தன. நான்காக மடித்து, ஓரம் கையால் தைத்து, அடுக்கடுக்காக வைத்த துணிகள். துவைத்துத் துவைத்து மஞ்சளோடிப் பஞ்சாகிப்போனவை. ஒன்றில் கட்டம், ஒன்றில் நீலக் கோடு. எல்லாம் மாமாவின் பழைய லுங்கிகள். சிலவற்றின் நிறம், அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முந்தியது. மேலே இருந்த ஒன்று இன்னும் முழுதாகக் காயவில்லை.

வெளியே செபமாலை மறுபடி தொடங்கியது.

அவள் கழுவி, மாற்றிக்கொண்டு, சேலையைக் கட்டினாள். துணிகள் இருந்தபடியே இருக்கும்படி பெட்டியை மூடினாள். கூடத்துக்குத் திரும்பியபோது கால்மாட்டுத் தரை துடைத்துக் கிடந்தது. அவளுடைய பாயைக் காணவில்லை. செசிலியின் பாய் அங்கே விரிந்திருந்தது. செசிலி தலைமாட்டில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

சிஜோ வந்தான். கண்ணாடிமேல் விழுந்து, "அப்பா, நான் வந்துட்டேன், அப்பா" என்று அடித்துக்கொண்டான். ரெஜிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானட்டி எல்லாம் பாத்த" என்றான். கோயில் மணி அடித்தது. சவத்தைக் குளிர்ப் பெட்டியிலிருந்து மரப் பெட்டிக்கு மாற்றினார்கள். கல்லறைத் தோட்டம்வரை மணலில் நடந்தாள். நடுவில் இரண்டு தடவை இருமினாள். குழியில் பெட்டி இறங்கும்போது ஒரு பிடி மண் போட்டாள். மாமாவுக்குச் சொல்ல ஏதோ இருந்தது, பின்னால் வரிசை நெருக்கியது, நகர்ந்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூட்டம் கலைந்து பத்துப் பேர் மிஞ்சினார்கள். சிஜோ வந்த சட்டையோடு கூடத்து மூலையில் தூங்கிப்போனான். பிள்ளை அவன் நெஞ்சில் கிடந்தது. அடுக்களையில் செசிலி கட்டன் காப்பியை ஆற்றி ரெஜிஷாவிடம் நீட்டினாள்.

"முப்பதாம் நாள் பூச கழியட்டும். நாகர்கோயில்ல ஒரு நல்ல டாக்டரப் பாரு. இதுக்குப் பயிற்சியெல்லாம் சொல்லிக் குடுக்காவளாம். பிள்ளைய நான் வச்சிக்கிடுதேன்."

"நீங்களும் வாங்க மாமி."

"எனக்கு என்னத்துக்கு இனி? முப்பத்தஞ்சு வருசம் ஓட்டியாச்சு."

"நீங்க வந்தாத்தான் நான் போவேன்."

செசிலி தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள். காப்பியைக் குடித்தாள்.

சந்துக்குள் வண்டி வந்து நின்றது. சிலுவை ஐஸ் பெட்டியை எடுக்க வந்தான். இருவரும் அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். அவனுக்கு மனசு ஆறவில்லை. பெட்டியைச் சரித்து, அடிப்பக்கம் முழுவதும் உள்ளங்கையால் தடவினான். டியூபை ஊதிப் பார்த்தான். கையை விரித்துக் காட்டினான்.

"அம்மா, பாத்தியளா? பொட்டு ஈரம் இல்ல. முதலாளி கேட்டா நான் என்ன சொல்ல? எனக்க பெட்டி ஒழுகல்ல."

"காஞ்சிருக்கும்" என்றாள் செசிலி.

வாசற்படியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வியாகுலம்மாள் திரும்பினாள். "ஏலே சிலுவ, பெட்டி ஒழுகல்லண்ணா அப்ப அண்ணன்தாம்லே ஒழுகினாரு. ஒரு வருசம் படுக்கையிலேயே மோண்டவரு, பழக்கம் விடுமா? போற போக்குல மருமவளுக்குத் தீர்த்தம் தெளிச்சிட்டுப் போயிருக்காரு!"

ஜினிஷா, "போங்க சித்தி" என்று சிணுங்கி, சிணுங்கலுக்கு நடுவில் சிரித்துவிட்டாள். சிலுவையும் சிரித்தான்.

செசிலியின் கன்னம் சிரிப்பில் துடித்தது. அவள் உதட்டை மடித்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து இடது காலின் குறுக்கே வைத்தாள். பக்கத்தில் நின்ற ரெஜிஷா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மறு பக்கத்து நிலையைப் பிடித்துக்கொண்டு, தன் காலையும் பின்னிக்கொண்டாள்.